நேரலையில் குர்ஆன் ஓதிக் கொடுத்தல்: மத்தும் குன்னாவும் வழியில் தொலையாமல் இருக்க

குர்ஆன் ஓதல் உஸ்தாதின் வாயிலிருந்து மாணவரின் காதுக்குப் போய், மாணவரின் வாயிலிருந்து உஸ்தாதின் காதுக்குத் திரும்பி, அங்கே சரிபார்க்கப்பட்டுத்தான் நிலைபெறுகிறது. இணைய வகுப்பில் அந்தப் பாதையின் நடுவே மைக், ஒலியைச் சுத்தப்படுத்தும் மென்பொருள், ஒலியைச் சுருக்கும் கோடெக், நிலையில்லாத இணைப்பு எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இவை அனைத்தும் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. பேச்சில் ஓர் எழுத்து தேய்ந்தாலும் பொருள் புரிந்துவிடும். ஓதலிலோ அந்த எழுத்துதான் பாடமே.

அதனால் "கேட்கிறதா?" என்று கேட்டு, "கேட்கிறது" என்ற பதிலோடு சோதனையை முடித்துக்கொள்ளக் கூடாது. அப்படி முடித்தால் இரண்டு கேடுகள் நடக்கும். மாணவர் தவறாக ஓதியது சரியாகக் கேட்டு உஸ்தாதைக் கடந்து போகும். சரியாக ஓதியது தவறாகக் கேட்டுத் திருத்தப்படும். பின்னதே பெரிய கேடு. சரியாக வந்த ஹர்ஃபை (அரபு எழுத்தை) மாணவர் உஸ்தாதின் சொல்லை நம்பி மாற்றிக்கொள்வார், பிறகு அதை மீட்டெடுக்க மாதக்கணக்கில் ஆகும்.

இந்தப் பதிவு ஆறு பேர் கொண்ட 45 நிமிட வகுப்பை வைத்து எழுதப்பட்டது. உஸ்தாதிடம் கணினி, மாணவர்களிடம் பெரும்பாலும் கைபேசி. இரு பக்கமும் ஓதிக் கேட்கும் வகுப்புக்கு ஜூம், கூகுள் மீட், ஜிட்ஸி போன்ற செயலி. வெளியிலிருந்து கேட்க மட்டும் விரும்புவோருக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற நேரலை மென்பொருள் வழியாக யூடியூப் நேரலை.

செயலி எதை வெட்டுகிறது

மைக்கிலிருந்து வரும் ஒலி செயலிக்குள் நுழைந்ததும் மூன்று வேலைகள் நடக்கின்றன: இரைச்சலை அடக்குதல், எதிரொலியை நீக்குதல், ஒலியளவைத் தானாகச் சமன்செய்தல்.

இரைச்சல் அடக்கியின் கணக்கு எளிது. மாறாமல் தொடர்ந்து ஒலிப்பது பேச்சாக இருக்காது, மின்விசிறியாகவோ குளிர்சாதனமாகவோதான் இருக்கும். ஆனால் குன்னா என்பதே மூக்குவழி மாறாமல் நிற்கும் ஒலி. மத்து என்பது உயிரொலியை நீட்டி ஓதுவது, அதில் மத்து லாஸிம் ஆறு ஹரகத் (ஒரு குறிலின் நேர அளவு) ஒரே சீராக நீள்கிறது. அடக்கி இதை இரைச்சல் என்று எடுத்துக்கொள்ள, ஒலி நடுவிலேயே தேய்ந்து போகிறது. கேட்பவருக்கு மாணவர் மத்தைப் பாதியில் விட்டுவிட்டதுபோல் இருக்கும்.

அடுத்து அடிபடுவது ஹம்ஸ் (ஓதும்போது மூச்சு வெளிவரும் தன்மை) உள்ள பத்து ஹர்ஃபுகள். ஸுகூன் பெற்ற (உயிரொலி இல்லாத) சிறிய காஃபிலும் மெல்லிய தாவிலும் கடைசியில் சிறு மூச்சு வெளிவர வேண்டும். அந்த மூச்சு செயலிக்கு வெறும் காற்று இரைச்சல். அதைத் துடைத்துவிடுவதால், ஹம்ஸ் கொடுத்து ஓதும் மாணவரும் கொடுக்காதவரும் ஒன்றுபோலக் கேட்கிறார்கள். ஹர்ஃபைத் துள்ளவிட்டு ஓதும் கல்கலாவின் கதையும் இதுதான். ஆயத்தின் (வசனத்தின்) முடிவில் ஹர்ஃப் துள்ளி அடங்கும் அந்தக் கணத்தில், ஒலி குறைந்துவிட்டது என்று செயலி கதவை மூடிவிடும். துள்ளல் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும்.

ஒலியளவைத் தானாகச் சமன்செய்யும் வசதி வக்ஃபில் (ஓதலை நிறுத்தும் இடத்தில்) தொல்லை தருகிறது. மாணவர் நிறுத்தி மூச்சு வாங்கும்போது அமைதியைப் பார்த்து மைக்கின் அளவை ஏற்றிவிடும். அடுத்த ஆயத்தின் முதல் ஹர்ஃப் வெடித்துக் கேட்டு, பிறகு அடங்கும். எதிரொலி நீக்கியோ, இருவர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவரின் குரலை அமுக்கிவிடும். மாணவர் ஓதிக்கொண்டிருக்கையில் உஸ்தாத் "ம்" என்று சொன்னாலே போதும், அந்த இடத்தில் மாணவரின் ஒரு எழுத்து காணாமல் போகும்.

ஜூமில் ஒலி அமைப்புக்குள் இசைக்கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' என்றொரு வசதி இருக்கிறது. ஓதலுக்கு வேண்டியது அதுவே. அமைப்பில் இயக்குவது மட்டும் போதாது. வகுப்பு தொடங்கியதும் திரையின் மேற்பகுதியில் தோன்றும் அதே பெயருள்ள பொத்தானையும் இயக்க வேண்டும், பலரும் தவறவிடுவது இதைத்தான். கைபேசிச் செயலியிலும் இந்த வசதி உண்டு, அது இருக்கும் இடம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். மீட்டில் இரைச்சல் நீக்கத்தை அணைக்க வேண்டும். செயலிக்கு வெளியிலும் தேட வேண்டிய இடங்கள் உண்டு. விண்டோஸில் மைக்கின் பண்புகளுக்குள் இருக்கும் ஒலி மேம்பாடுகளை அணைக்க வேண்டும். ஐபோனில் அழைப்பின்போது கட்டுப்பாட்டுத் திரையில் மைக் முறை வரும், அதில் குரலைத் தனிமைப்படுத்தும் முறை தேர்வாகியிருந்தால் மாற்ற வேண்டும். செயலியில் அணைத்துவிட்டுக் கருவியில் விட்டுவிட்டால் பலன் பாதிதான்.

வரிசை முக்கியம். முதலில் அனைவரும் ஹெட்போன் மாட்ட வேண்டும், அதன் பிறகே எதிரொலி நீக்கியை அணைக்கலாம். ஒலிபெருக்கியில் கேட்கும் ஒரே ஒரு மாணவர் இருந்தாலும் உஸ்தாதின் குரல் அவர் மைக் வழியாகத் திரும்பி வந்து வகுப்பையே கெடுக்கும். ஹெட்போன் இல்லாத மாணவருக்கு எதிரொலி நீக்கி இயங்கட்டும். இரைச்சல் அடக்கியை மட்டும் குறைந்தபட்ச நிலையில் வைக்கச் சொல்லலாம்.

ஹெட்செட்: கம்பி உள்ளதே போதும், புளூடூத் வேண்டாம்

விலை உயர்ந்த புளூடூத் ஹெட்செட்டில் ஓதும் மாணவரைவிட, சாதாரணக் கம்பி இயர்போனில் ஓதுபவர் தெளிவாகக் கேட்பார். இதற்குக் காரணம் உண்டு. புளூடூத் கருவி பாட்டு கேட்கும்போது ஒரு முறையில் இயங்குகிறது, அதில் தரம் நன்றாக இருக்கும். மைக் திறந்த உடனே அழைப்பு முறைக்கு இறங்கிவிடுகிறது. அந்த முறையில் பழைய சிவிஎஸ்டி கோடெக் ஒலியை நொடிக்கு 8,000 முறை மட்டும் மாதிரி எடுக்கும், ஆகவே 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் போகாது. எம்எஸ்பிசி கோடெக் உள்ளவை 16,000 மாதிரி எடுக்கும், அதில் 8 கிலோஹெர்ட்ஸ் வரை எல்லை.

ஸீனின் வலு பெரும்பாலும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. மூன்று புள்ளி ஸாவும் ஃபாவும் இயல்பிலேயே மெலிந்த, பரந்து கிடக்கும் ஒலிகள். மேல்பாதியை வெட்டிவிட்டால் ஸீன், மூன்று புள்ளி ஸா, ஃபா மூன்றும் ஒன்றோடொன்று குழம்பும். தாய்மொழியில் இந்த வேறுபாடு இல்லாத மாணவருக்குப் பாடம் சொல்லும்போது, குழாயே வேறுபாட்டை அழித்துவிட்டால் எதைத் திருத்துவது?

எல்லா ஜோடிகளும் ஒரே அளவில் கெடுவதில்லை என்பதை உஸ்தாத் அறிந்திருந்தால் பாடத்தைத் திட்டமிடலாம். ஸாத், கனத்த தா போன்ற தஃப்கீம் (கனத்து ஒலிக்கும்) ஹர்ஃபுகள் பக்கத்து உயிரொலியின் சாயலையே மாற்றிவிடுகின்றன. அந்த மாற்றம் 1 முதல் 2 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் விழுவதால், மோசமான இணைப்பிலும் ஸாத்துக்கும் ஸீனுக்கும் உள்ள வேறுபாட்டை உயிரொலியை வைத்துப் பிடித்துவிடலாம். பெரிய காஃபையும் சிறிய காஃபையும் பிரிப்பதும் ஓரளவு தப்பிக்கும். ஸீனையும் மூன்று புள்ளி ஸாவையும் பிரிப்பது தப்பிக்காது. நடுத்தொண்டை ஹாவையும் அடித்தொண்டை ஹாவையும் பிரிப்பது இரைச்சல் அடக்கி இருக்கும் வரை நம்பத்தக்கதல்ல, ஏனெனில் நடுத்தொண்டை ஹாவின் அடையாளமே அந்த உராய்வுதான்.

மைக் வாயிலிருந்து 15 செ.மீ. அளவில், நேர் எதிரே அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். நேர் எதிரே வைத்தால் பாவும் ஃபாவும் காற்றாக மோதும். இயர்போன் மைக்கைச் சட்டையிலோ முக்காட்டுத் துணியிலோ உரசும்படி தொங்கவிடக் கூடாது. துணி உரசும் சத்தமும் ஷீன், ஸீன் இருக்கும் அதே பகுதியில்தான் விழுகிறது. இயர்போன் கிடைக்காவிட்டால் கைபேசியின் சொந்த மைக்கே நல்லது, அதை 20 செ.மீ. தூரத்தில் ஒரு தாங்கியில் நிறுத்தினால் போதும். உஸ்தாதின் பக்கம் யூஎஸ்பி மைக் இருந்தால் அதன் மாதிரி வேகத்தைக் கணினியிலும் ஓபிஎஸ்ஸிலும் ஒரே எண்ணாக, 48 கிலோஹெர்ட்ஸில் வைக்க வேண்டும். ஓரிடத்தில் 44.1, இன்னோரிடத்தில் 48 என்று இருந்தால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டிக்' என்று ஒரு வெட்டு கேட்கக்கூடும். அளவுமானியில் உரத்த இடம் கழித்தல் 12 முதல் கழித்தல் 6 டெசிபெலுக்குள் நின்றால் சரி.

அறையில் எதிரொலிப்பு வேண்டாம். பள்ளிவாசல் போன்ற முழக்கத்தை மென்பொருளில் சேர்த்து ஓதிக் காட்டுவது கேட்க இனிமையாக இருக்கலாம், கற்பவருக்குக் கேடு. முழக்கம் இருந்தால் மத்து எங்கே முடிந்தது, முழக்கம் எங்கே தொடங்கியது என்று பிரிக்கவே முடியாது. கனத்த திரைச்சீலையும் தரைவிரிப்பும் உள்ள சிறிய அறை போதும்.

ஒன்றரை நிமிடச் சோதனை

புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவரின் பாதையையும் முதல் பாடத்துக்கு முன் சோதிக்க வேண்டும். இதற்குத் தனிச் சொற்பட்டியல் தேவையில்லை, அனைவரும் மனப்பாடமாக அறிந்த சிறு சூராக்களிலேயே எல்லாம் இருக்கின்றன.

சூரா அல்கவ்ஸர் மூன்றே ஆயத். அதற்குள் ஐன், கனத்த தா, மூன்று புள்ளி ஸா, ஸாத், நடுத்தொண்டை ஹா, ஷீன், ஹம்ஸா வந்துவிடுகின்றன. "அப்தர்" என்பதில் ஸுகூன் பெற்ற பாவின் கல்கலாவும் உண்டு. சூரா அல்ஃபலக்கின் ஐந்து ஆயத்களும் கல்கலா ஹர்ஃபிலேயே முடிகின்றன: இரண்டு பெரிய காஃப், ஒரு பா, இரண்டு தால். ஆயத் முடிவில் துள்ளல் கேட்கிறதா என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சூரா அந்நாஸின் ஆறு ஆயத்களும் ஸீனில் முடிகின்றன, "நாஸ்" என்று வருமிடங்களில் நூன் ஷத்தின் குன்னாவும் உண்டு. கடைசியாக அல்ஃபாத்திஹாவின் "வலள்ளால்லீன்": ளாத்தும், ஆறு ஹரகத் மத்து லாஸிமும் ஒரே சொல்லில்.

மாணவர் இவற்றை ஓதுவதை உஸ்தாத் பக்கம் வந்து சேரும் ஒலியாகப் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியில் திறக்க வேண்டும். மேல் எல்லையை 12,000 ஹெர்ட்ஸில் வைத்துப் பார்த்தால் நோய் கண்ணுக்கே தெரியும். 4,000இல் கத்தியால் வெட்டியதுபோல் கோடு நின்றால் பழைய புளூடூத். 8,000இல் நின்றால் புதிய புளூடூத் அல்லது செயலியின் குறைந்த தரம். "நாஸ்" முடிவுகளில் ஸீனின் மேகம் 8,000 கோட்டுக்கு மேலும் தெரிந்தால் பாதை நன்று. "ளால்லீன்" இடத்தில் நீளும் பட்டைகள் நடுவில் மங்கினால் இரைச்சல் அடக்கி இன்னும் எங்கோ இயங்குகிறது என்று பொருள், மேலே சொன்ன இடங்களை மீண்டும் தேட வேண்டும். ஆயத்களுக்கு நடுவே முழுக் கருமையாக, மூச்சின் தடம்கூட இல்லாமல் இருந்தாலும் அதே முடிவுதான்.

மத்து ஏன் குறுகிக் கேட்கிறது

எல்லா அடக்கிகளையும் அணைத்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. பல உஸ்தாதுகள் இதை மாணவரின் பிழை என்றே எடுத்துக்கொள்வதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இணையத்தில் ஒலி சிறு பொட்டலங்களாகப் போகிறது. எல்லாம் சம இடைவெளியில் வந்து சேர்வதில்லை. சில தாமதமாக வரும், சில கூட்டமாக வரும். கேட்பவர் பக்கத்தில் ஒரு தாங்கல் அவற்றைச் சேமித்து ஒழுங்காக விடுகிறது. தாங்கலில் ஒலி அதிகம் சேர்ந்துவிட்டால் தாமதத்தைக் குறைக்க ஒலியைச் சற்றுச் சுருக்கும், தீர்ந்து போகும்போல் இருந்தால் சற்று நீட்டும். வெப்ஆர்டிசி என்ற நேரலை ஒலி-ஒளித் தொழில்நுட்பத்தின் மேல் கட்டப்பட்ட செயலிகளில் இந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு நெட்ஈக்யூ என்று பெயர். சுருதி மாறாமல் நீளம் மட்டும் மாறுவதால் சாதாரணப் பேச்சில் யாருக்கும் தெரியாது.

எந்த இடத்தில் சுருக்குவது? ஒரே அலை வடிவம் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் சுருக்கினால்தான் காதுக்குத் தெரியாது. திரும்பத் திரும்ப வரும் அலை என்றால் நீண்ட உயிரொலியும் மூக்கொலியும். அதாவது மத்தும் குன்னாவும். நான்கு ஹரகத் ஓதிய மத்து முத்தஸில் (ஒரே சொல்லில் ஹம்ஸா தொடரும் மத்து) மூன்றாகக் கேட்கலாம், இரண்டு ஹரகத் மத்து தபீஈ (இயல்பான மத்து) மூன்றாக நீளலாம். அதே மாணவர் அடுத்த ஆயத்தில் மிகச் சரியாகக் கேட்பார், ஏனெனில் அதற்குள் இணைப்பு சீராகிவிட்டது.

ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது. நேரலையில் கேட்டதை வைத்து மக்ரஜையும் (எழுத்து பிறக்கும் இடம்) ஸிஃபத்தையும் (எழுத்தின் தன்மை) திருத்தலாம், பாதை சோதிக்கப்பட்டிருந்தால். மத்தின் நீளத்தை மட்டும் நேரலையில் ஒருமுறை கேட்டதை வைத்துத் தீர்ப்பளிக்கக் கூடாது. மூன்று முறை கேட்டு மூன்றிலும் ஒரே விதமாகக் குறைந்தால் பிழை மாணவருடையது, ஒவ்வொரு முறையும் வேறு விதமாக இருந்தால் இணைப்புடையது. சந்தேகம் தீராவிட்டால் மாணவர் தன் கைபேசியின் ஒலிப்பதிவுச் செயலியில் அந்த ஆயத்தை ஓதி, கோப்பாக அனுப்பட்டும். அரட்டைச் செயலியின் குரல் குறிப்பாக அனுப்பினால் ஒலி மிகவும் சுருக்கப்பட்டுவிடும், கோப்பாக இணைத்து அனுப்பச் சொல்ல வேண்டும். சுருக்காத ஒற்றைத் தட ஒலி, 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்றால் ஒரு நிமிடத்துக்கு 6 மெகாபைட்டுக்குள் அடங்கும். ஓர் ஆயத்துக்கு அது பெரிதல்ல.

இங்கே ஒரு பொறி உண்டு. ஜூமில் ஒவ்வொருவரின் ஒலியையும் தனித்தனிக் கோப்பாகப் பதிவு செய்யும் வசதியைப் பார்த்து, அதுவே மாணவரின் மூல ஒலி என்று நினைத்துவிடக் கூடாது. அது உஸ்தாதின் கணினிக்கு வந்து சேர்ந்த ஒலி. வழியில் தொலைந்தது அதிலும் தொலைந்தே இருக்கும்.

ஸக்தும் இதே வகைச் சிக்கல்தான். ஹஃப்ஸ் எனும் ஓதல் முறையில் நான்கு இடங்களில் மூச்சு விடாமல் சிறிது நிறுத்த வேண்டும், அதுவே ஸக்த். சூரா, ஆயத் எண்களாக: 18:1இன் முடிவு, 36:52, 75:27, 83:14. இணைப்பில் ஒரு பொட்டலம் தவறினாலும் அப்படியொரு சிறு அமைதி கேட்கும். மாணவர் ஸக்த் செய்தாரா, மூச்சு வாங்கினாரா, இணைப்பு அறுந்ததா என்று பிரிக்க மூச்சொலி ஒன்றே சாட்சி. அதனால்தான் மூச்சைத் துடைக்கும் எந்த வசதியும் இயங்கக் கூடாது என்று இவ்வளவு வற்புறுத்த வேண்டியிருக்கிறது. இந்த நான்கு இடங்களையும் பதிவுக் கோப்பில் கேட்பதே பாதுகாப்பு.

இணைப்பை நிலைப்படுத்த உஸ்தாதின் கணினியை வைஃபையில் விடாமல் கம்பியில் இணைக்க வேண்டும், பெரிய பலன் இதில்தான் கிடைக்கிறது. மாணவர் பக்கம் வீடியோவை நிறுத்துவது அடுத்தது. 64 கிலோபிட் ஒலி ஒரு மணி நேரத்துக்கு 29 மெகாபைட் அளவுதான் ஆகும். 1.5 மெகாபிட் வீடியோவோ ஒரு பக்கத்துக்கே 675 மெகாபைட். நெருக்கடியான இணைப்பில் ஒலிக்கு வழிவிட வீடியோதான் ஒதுங்க வேண்டும்.

கேமரா: ஒன்று வாய்க்கு, ஒன்று முஸ்ஹஃபுக்கு

வீடியோ தேவையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சூரா யூசுஃபின் 11ஆம் ஆயத்தில் "லா தஃமன்னா" என்ற சொல்லில் இஷ்மாம் செய்து ஓதும்போது, குன்னாவின் நடுவே உதடுகள் குவிந்து விரியும். அதற்கு ஒலி கிடையாது. பார்த்தால்தான் தெரியும். வாவில் உதட்டைக் குவிப்பது, மீமில் மென்மையாக மூடுவது, பாவில் அழுத்தி மூடுவது இவற்றையும் காட்டியே சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்று புள்ளி ஸாவில் நாக்கு நுனி மேல்பற்களின் விளிம்பைத் தொடுவதும் கேமராவுக்குத் தெரியும். தொண்டை ஹர்ஃபுகளுக்குக் கேமராவால் பயனில்லை.

வாய்க் கேமரா முகத்தின் உயரத்தில், வெளிச்சம் முன்பக்கத்திலிருந்து விழும்படி இருக்கட்டும். பின்னால் ஜன்னல் இருந்தால் வாய் கருநிழலாகிவிடும். ஓபிஎஸ்ஸின் மெய்நிகர் கேமரா வழியாக வீடியோவையும், மைக்கிலிருந்து நேராக ஒலியையும் வகுப்புக்கு அனுப்பினால் வீடியோ சற்றுப் பின்தங்கும். உதடு குவிவது ஒலி முடிந்த பிறகு தெரிந்தால் இஷ்மாம் பாடமே பாழ். கேமரா முன் ஒருமுறை கைதட்டி மாணவரிடம் ஒத்துவருகிறதா என்று கேட்க வேண்டும். ஒத்துவராவிட்டால் மக்ரஜ் காட்டும் நேரத்தில் மட்டும் கேமராவை ஓபிஎஸ் இல்லாமல் நேரடியாகத் தேர்வு செய்வது எளிய வழி.

முஸ்ஹஃபுக்கு (குர்ஆன் பிரதிக்கு) மேல் 35 செ.மீ. உயரத்தில், வளையும் தாங்கியில் ஒரு கைபேசி. முஸ்ஹஃப் ரிஹாலில் (அதை வைக்கும் மரத் தாங்கியில்) சமமாக விரிந்திருக்க வேண்டும். முழுப் பக்கத்தையும் காட்ட ஆசைப்படக் கூடாது, 720பி தரத்தில் ஹரகத் எனும் உயிர்க்குறிகள் மங்கிவிடும். 15 வரிப் பக்கத்தில் ஏழெட்டு வரி மட்டும் சட்டத்தை நிரப்பினால் தெளிவாக இருக்கும். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட வேண்டும், இல்லையேல் சுட்டும் கோல் உள்ளே வரும்போதெல்லாம் படம் மங்கித் தெளியும். மை உள்ள பேனாவைச் சுட்ட எடுக்காமல், மெல்லிய மரக்குச்சியை எடுப்பது முஸ்ஹஃபுக்குப் பாதுகாப்பு. தன் முகம் தெரியும் சிறு சட்டத்தில் அரபு எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் பதற வேண்டாம். பெரும்பாலான செயலிகளில் அது தனக்கு மட்டுமே அப்படித் தெரியும், மாணவரிடம் கேட்டு உறுதி செய்தால் போதும்.

எந்த அச்சு என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். மதீனாவில் மன்னர் ஃபஹத் வளாகம் அச்சிடும் முஸ்ஹஃப் 604 பக்கம், ஒவ்வொரு பக்கமும் ஆயத்தின் முடிவோடு முடியும். இந்தியத் துணைக்கண்ட அச்சுகளில் பக்கமும் வரியும் வேறு, ஸுகூன், மத்து குறிகளின் வடிவமும் வேறு. தன்வீனுக்குப் (சொல்லின் இறுதியில் வரும் 'ன்' ஒலிக்கு) பிறகு சேர்த்து ஓதும் இடத்தில் துணைக்கண்ட அச்சில் சிறிய நூன் ஒன்று எழுதப்பட்டிருக்கும், மதீனா அச்சில் இருக்காது. அந்தச் சிறிய நூனைப் பார்த்தே பழகியவர் சூரா இக்லாஸின் முதல் இரண்டு ஆயத்களைச் சேர்த்து ஓதும்போது மதீனா அச்சில் தடுமாறுவார். மாணவர்களின் கையில் வெவ்வேறு அச்சு இருந்தால், இடம் சொல்லும்போது பக்க எண்ணை விட்டுவிட்டு சூரா, ஆயத், சொல் என்று சொல்வதே ஒரே வழி.

வகுப்பு ஓடும் விதம்

எல்லோரும் சேர்ந்து ஓதுவது இணையத்தில் நடக்காது. ஒரு வழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அந்த அளவு தாமதமே சேர்ந்து ஓதுவதைச் சிதறடிக்கப் போதும். அதனால் தல்கீன் முறைதான் சரி. உஸ்தாத் ஓதுவார், ஒருவர் மட்டும் மைக் திறந்து திருப்பி ஓதுவார், மற்றவர்கள் மைக்கை மூடிக்கொண்டு தங்கள் இடத்தில் குரல் விட்டு ஓதுவார்கள். வாய்க்குள் முணுமுணுப்பது கணக்கில் இல்லை என்பதைச் சிறுவர்களுக்கு ஒவ்வொரு வகுப்பிலும் சொல்ல வேண்டியிருக்கும்.

45 நிமிடத்தில் முதல் மூன்று நிமிடம் ஒலிச் சரிபார்ப்பு, பத்து நிமிடம் புது சபக்கின் (பாடத்தின்) தல்கீன், பிறகு ஆளுக்கு ஐந்து நிமிடம் தனியாகக் கேட்டல். அது ஆறு பேருக்கு முப்பது நிமிடம். மிச்சம் இரண்டு நிமிடம்தான். ஏழாவது மாணவரைச் சேர்த்தால் யாருடைய ஐந்து நிமிடமோ மூன்றாகும், அப்படிச் செய்யாமல் இரண்டாவது வகுப்பு தொடங்குவதே நியாயம்.

மாணவர் ஓதும்போது குறுக்கே பேசித் திருத்தினால் இரு குரலும் மோதும், தாமதத்தால் மாணவர் இரண்டு சொல் தள்ளிப் போயிருப்பார். கேமராவில் ஒரு நிற அட்டையைத் தூக்கிக் காட்டுவது இதற்கு நல்ல தீர்வு. மஞ்சள் அட்டை என்றால் வக்ஃப் வரை ஓதி நிறுத்து, சிவப்பு என்றால் உடனே நிறுத்து. நிறுத்திய பிறகு, "இந்தச் சொல்லில்" என்று பொதுவாகச் சொல்லாமல் ஆயத் எண்ணையும் சொல்லையும் சொல்லி, ஓதிக் காட்டி, மூன்று முறை திருப்பி வாங்க வேண்டும்.

உஸ்தாத் ஒரு காரியின் (குர்ஆன் ஓதுபவரின்) பதிவைப் போட்டுக் காட்ட விரும்பினால், மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீயின் நிதானமான ஓதல் தொடக்கநிலையினருக்கு மிகவும் உகந்தது. அதை ஒலிபெருக்கியில் ஓட்டி மைக்கில் பிடிக்கக் கூடாது. திரைப் பகிர்வில் கணினி ஒலியையும் பகிரும் தேர்வைக் குறியிட்டு ஓட்ட வேண்டும். சபக்கில் ஸஜ்தா ஆயத் (ஓதியதும் ஸஜ்தா செய்யும் வசனம்) வந்தால் (84:21, 96:19 இரண்டும் குர்ஆனின் கடைசிப் பகுதியான அம்ம ஜுஸ்உவிலேயே இருக்கின்றன) தொடக்கத்திலேயே அறிவித்து, அதற்கான நேரத்தை ஒதுக்கி வைப்பது நல்லது.

வெளியே போகும் நேரலை

யூடியூப் நேரலை கேட்பவர்களுக்கானது, ஓதிக் காட்டித் திருத்திக்கொள்பவர்களுக்கானது அல்ல. மிகக் குறைந்த தாமத முறையிலும் சில நொடிகள் பின்தங்கும். அதில் கேள்விக்குப் பதில் வாங்கலாம், சபக் கேட்க முடியாது. கணக்கில் நேரலையை முதன்முறை இயக்கும்போது அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், அதனால் முதல் நாளே இயக்கி வைக்க வேண்டும்.

ஓபிஎஸ்ஸில் 1280×720, நொடிக்கு 30 சட்டம், வீடியோ 2,500 கிலோபிட், கீஃப்ரேம் இடைவெளி 2 நொடி, ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் 160 கிலோபிட். மைக்கில் ஓபிஎஸ்ஸின் இரைச்சல் அடக்கி, நாய்ஸ் கேட் வடிகட்டிகளைச் சேர்க்க வேண்டாம், முன்பு செயலியில் அணைத்ததை இங்கே மீண்டும் இயக்கியதாகிவிடும். உரத்த இடம் உடையாமல் இருக்க லிமிட்டர் மட்டும், கழித்தல் 3 டெசிபெலில். வகுப்பு முழுவதிலும் கணினியில் வரும் எல்லா ஒலியும் தானாக நேரலைக்குப் போகாதபடி 'டெஸ்க்டாப் ஆடியோ' தடத்தை மூடி வைப்பது கட்டாயம். மாணவர்களின் குரலும், அறிவிப்பு மணியோசையும் வெளியே போவது அந்த வழியாகத்தான். வணிக ரீதியாக வெளியான ஓதல் பதிவுகளை நேரலையில் ஓட்டினால் தானியங்கிப் பதிப்புரிமை உரிமைகோரல் வரலாம், உஸ்தாதே ஓதுவதில் அந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

சிறுவர் இருக்கும் வகுப்பில் இதைவிடக் கவனம் வேண்டும். இணைப்பு முகவரியைப் பொதுவில் பகிரக் கூடாது. காத்திருப்பு அறையும் கடவுச்சொல்லும் இயக்கத்தில் இருக்க வேண்டும், மாணவர் பக்கத் திரைப் பகிர்வு மூடியிருக்க வேண்டும். உஸ்தாதும் ஒரு சிறுவரும் மட்டும் தனி அறையில் இருக்கும் அமைப்பு வேண்டாம். பெற்றோரில் ஒருவர் காதுக்கெட்டும் தூரத்தில் இருப்பதை வகுப்பின் விதியாகவே வைக்கலாம். சிறுவரின் முகமும் பெயரும் குரலும் நேரலைக்குப் போகக் கூடாது. கேமராவை மூடி ஓத விரும்பும் மாணவிகளுக்கு, இஷ்மாம் போன்ற பார்த்தே சரிபார்க்க வேண்டிய இடங்களைப் பெண் உஸ்தாதிடம் தனியே காட்டும் ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும்.

சரிபார்க்க அனுப்பிய ஆயத் கோப்புகளுக்கு மாணவர் எண், சூரா எண், ஆயத் எண், தேதி என்ற வரிசையில் பெயரிட்டால் அடுத்த சபக்கில் பழையதை எடுத்து ஒப்பிடலாம். அந்த ஜுஸ்உ முடிந்து மாணவர் அடுத்ததற்குப் போனதும் அவற்றை உஸ்தாதின் கணினியிலிருந்தும் அரட்டையிலிருந்தும் அழித்துவிட வேண்டும். வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் மாணவரிடமோ, சிறுவராக இருந்தால் பெற்றோரிடமோ எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகுதான்.